பரீட்சை ஜோடு

எந்த மனிதனுக்கும் இரண்டு பாதங்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஷெரீஃப் ஐயா. தங்களுக்கும் இல்லை. வலது பாதம் சற்றுப் பெரிது. நேற்றுத் தாங்கள் இந்தச் சிறை அறைக்குள் நுழைந்தபோதே கவனித்தேன். அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. இந்தக் கில்மோரன் நகரில் நான் அளவெடுத்த எல்லாக் கால்களும் அப்படித்தான், பாதிரியாரின் கால்கள் உட்பட. ஆனாலும் என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் இரண்டு காலுக்கும் ஒரே கட்டையில்தான் காலணி தைத்து வந்தோம். கட்டை என்றால் மரத்தில் செதுக்கிய பாதம். அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்துத்தான் தைப்போம். இடது, வலது என்ற பேதமே கிடையாது. இன்று இடது காலில் போட்டதை நாளை வலது காலில் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டியது. காலணி ஒரே பக்கமாகத் தேயாது. கால் கொஞ்ச நாள் முனகும். பிறகு வழிக்கு வந்துவிடும்.

குமாஸ்தா தம்பி அவசரமாக எழுதுகிறார். அவசரம் வேண்டாம். நான் நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் நினியன் கூர்லே. தொழில், காலணி தைப்பது. போன வாரம் வரை இந்நகரக் காலணித் தொழிலாளர் சங்கத்தின் தலைவன். தாங்கள் எடின்பரோவிலிருந்து விசாரணைக்கு வந்தவர். அங்கே இதெல்லாம் தளர்ந்துவிட்டது என்று கேள்வி. இங்கே தளரவில்லை. சங்கத்தில் சேராதவன் இந்த ஊர் மதிலுக்குள் ஒரு தையல் போட்டு விற்க முடியாது. சங்கத்து ஆளிடம் கூலிக்கு உட்காரலாம், அவ்வளவுதான். சொந்தக் கடை வேண்டுமென்றால் பரீட்சை எழுதியாக வேண்டும். எழுதுவது என்றால் பேனாவால் அல்ல, குத்தூசியால்.

கேவின் ராட்ரே வடக்கே மீன்பிடிக் கரையிலிருந்து நடந்தே வந்தவன். என் கடையில் ஜன்னலோரம் உட்கார இடம் கொடுத்தேன். என் வீட்டுக் கஞ்சியைக் கொடுத்தேன். பிள்ளை இல்லாதவன் நான். அவனை மகனாகவே பார்த்தேன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவன் வேலை செய்யும் விதம் வேறு. அளவெடுக்கும்போது மற்றவர்கள் காலைப் பார்ப்பார்கள். இவன் ஆளை நடக்கச் சொல்லிவிட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பான். அதைப் பார்த்துக் கடையில் இருப்பவர்களெல்லாம் சிரிப்பார்கள். அவன் கவலைப்பட்டதில்லை. ஒருநாள் மரத்தூளும் உளியுமாக உட்கார்ந்து இரண்டு கட்டைகள் செதுக்கினான். ஒன்று இடதுக்கு, ஒன்று வலதுக்கு. ஒன்றை ஒன்று பார்த்து வளைந்து நிற்கும் இரண்டு கட்டைகள்.

"என்னப்பா இது, ரெண்டும் கோணலா இருக்கு?" என்றேன்.

"கோணல் இல்லைங்கய்யா. நம்ம காலே அப்படித்தான் இருக்கு. நாமதான் இத்தனை நாளா நேராக்கப் பாத்துக்கிட்டிருக்கோம்."

மலைமேட்டு மாளிகையில் இருக்கும் கர்னல் போரில் அடிபட்டு நொண்டியாகத் திரும்பியவர். அந்தக் கட்டையில் தைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு தன் தோட்டத்தைக் கைத்தடி இல்லாமல் சுற்றி வந்தாராம். செய்தி ஊர் முழுக்கப் பரவியது. கூர்லே கடை பூட்ஸ் நொண்டியை நடக்க வைக்கிறது என்றார்கள். கூர்லே கடை என்றால் கூர்லேதானே? கடைப் பலகையில் என் பெயர்தான் இருந்தது. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

சங்கத் தலைவனாக என்னைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகுதான். வருகிற கிறிஸ்பின் திருநாளுக்கு என்னையே கிறிஸ்பின் ராஜாவாக நிறுத்துவதென்றும் முடிவானது. தங்களுக்கு இது விளையாட்டாகத் தெரியலாம். எங்கள் தொழிலின் புனிதர் பெயரில் ஒருவருக்குக் கிரீடம் வைத்து, கம்பளி அங்கி போர்த்தி, ஊர்வலமாகத் தேவாலயம் வரை நடத்திக் கூட்டிப்போவார்கள். என் தகப்பனார் அந்த அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார். அங்கிக்குள் நின்றதில்லை.

கேவின் ஒவ்வொரு வருடமும் பரீட்சைக்கு விண்ணப்பித்தான். ஒவ்வொரு வருடமும் ஏதாவது தட்டிப்போயிற்று. ஒரு வருடம் அவனுக்கு ஊரில் ஜாமீன் நிற்க ஆள் இல்லை. நான் நின்றிருக்கலாம். தலைவன் நின்றால் பாரபட்சம் என்று பேசுவார்கள். இன்னொரு வருடம் இடம் இல்லை என்று சங்கம் சொன்னது. சங்கம் என்றால் நான்தான், ஆனாலும் அது சங்கத்தின் முடிவு. அவன் கோபப்படவே மாட்டான். "அடுத்த வருஷம் பாத்துக்கலாங்கய்யா" என்று சொல்லிவிட்டு மெழுகு நூலை முறுக்குவான்.

அவன் காத்திருந்தது தனக்காக மட்டுமில்லை. என் கடையில் மேல்தோல் தைக்கிற கிரிஸெல் மோவட்டும் அவனும் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். சொந்தக் கடை வந்தால்தான் கல்யாணம் என்று அவள் சொல்லிவிட்டாள். வாய்த்துடுக்கான பெண்.

"கேவின், நீ கடை போடறதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டிரும்போல இருக்கு."

"கொட்டட்டும். கஞ்சிதானே குடிக்கப் போறோம்."

"கல்யாணத்தன்னிக்கும் கஞ்சியா? நல்லா வருவே."

இப்படித்தான் ஊசியை நிறுத்தாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். கேட்கச் சுகமாகவே இருக்கும். எனக்கு யார்மீதும் பொறாமை கிடையாது, ஐயா. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடையில் கர்னல் கடைக்கே வந்தார். அடுத்த ஜோடிக்கு அளவு கொடுக்க. கேவின் தரையில் படுத்து அவர் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கர்னல் குனிந்து அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கூர்லே, இந்த ஆளை எப்ப சங்கத்துல சேக்கப் போறே? முன்கூட்டியே சொல்லிடு. அடுத்த ஜோடுக்கு எந்தக் கடைக்குப் போறதுன்னு நான் தெரிஞ்சுக்கணும் இல்லையா?"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். கிரிஸெல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். மனிதர் நல்லவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. அந்த மாதமே கேவினின் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டேன். இதற்குமேல் தள்ளிப்போட்டால் கர்னல் ஏனென்று கேட்பார். தேறினால், திருநாளன்று மற்றச் சடங்குகளோடு அவன் உறுதிமொழியும் எடுத்துக்கொள்ளலாம். வசதியான நாள்தான்.

பரீட்சையின் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் எல்லாவற்றையும் அவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

சங்க மண்டபத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. பரீட்சை எழுதுகிறவன் அங்கே தனியாக ஒரு ஜோடி காலணி தைக்க வேண்டும். அளவு சங்கத் தலைவனின் கால். தோல் துண்டுகளில், வேலையைச் சோதிக்கும் தேர்வாளர் தன் முத்திரையை அடித்துக் கொடுப்பார். அது உட்பக்கம் குதிக்கு அடியில் வருகிற மாதிரி வெட்டித் தைக்க வேண்டும், வேறு தோலை மாற்றிவிடக் கூடாது என்பதற்காக. கதவை வெளியே பூட்டிச் சாவியைத் தலைவன் வைத்துக்கொள்வான். வேலை முடிந்தால் உள்ளே இருப்பவன் மூன்று முறை தட்டுவான். தலைவனும் தேர்வாளரும் சேர்ந்து திறப்பார்கள். ஒருவர் மட்டும் திறக்கக் கூடாது. முடிக்கும் முன் வெளியே வந்தவனுக்கு இந்த ஊரில் மறுபடி பரீட்சையே கிடையாது, எந்தக் காரணமாக இருந்தாலும் சரி. கேவின் இந்த விதிகளுக்கெல்லாம் பைபிளில் கைவைத்துச் சத்தியம் செய்தான்.

ஜன்னலை அடைப்பதும் விதி. முன்னொரு காலத்தில் ஒருவனுடைய மாமா தைத்து முடித்த ஜோடியையே ஜன்னல் வழியாக உள்ளே தள்ளிவிட்டார். அவசரத்தில் தன் மனைவியின் ஜோட்டைத் தள்ளிவிட்டாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எங்கள் தேர்வாளர் சாண்டர்ஸ் பீபிள்ஸ் இன்றும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அன்றிலிருந்து ஜன்னலுக்குப் பலகை அடிப்போம்.

வழக்கமாகப் பலகை மட்டும்தான். இந்தமுறை பலகை இடுக்குகளை ஆட்டு ரோமமும் களிமண்ணும் வைத்து நானே பூசினேன். குளிர் காற்று வரக்கூடாது என்று. விரல் விறைத்தால் குத்தூசி நிற்காது.

அன்று நல்ல குளிர். கேவின் காலையில் வந்து நின்றபோது கைகளை அக்குளில் செருகிக்கொண்டிருந்தான்.

"தலைவரே, ஒரு கணப்புச் சட்டி கிடைக்குமா? மெழுகு இளக மாட்டேங்குது."

"ஏற்கெனவே வெச்சிருக்கேன்ப்பா."

அவன் முகம் மலர்ந்தது. பெரிய சட்டி. நல்ல கரி, புகை இல்லாத கரி. நானே தேர்ந்தெடுத்தேன். உள்ளே கூடுதலாக ஒரு கூடைக் கரியும் வைத்தேன். சாண்டர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "யோவ் நினியன், கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்யற மாதிரி செய்யறியே" என்றார். கேவினுடைய முதுகில் தட்டினார். "போடா, சீக்கிரம் முடி. திருநாளன்னிக்குக் குடிக்கறதுக்குப் புது ஆள் வேணும்." கதவைப் பூட்டினோம். சாண்டர்ஸ் மாடிக்குப் போய்விட்டார். மேலே மண்டபத்தில் ஊர்வலத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. ஒரே கூச்சலும் சிரிப்பும்.

நான் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கதவுக்கு அடியில் ஒரு சந்து இருந்தது. அங்கே ஈரத் தோல் ஒன்றைச் சுருட்டி வைத்தேன். அதுவும் குளிருக்காகத்தான். அப்படித்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூடிய அறையில் கரி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இந்த ஊரில் தெரியாதவர் யார்? ஒவ்வொரு குளிர்காலத்திலும் யாராவது ஒரு குடும்பம் கணப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கி, காலையில் எழுந்திருக்காமல் போகிறது. நான் இளைஞனாக இருந்தபோது தோல் பதனிடும் கொட்டகையில் ஒருவன் அப்படி மயங்கினான். காலைப் பிடித்து இழுத்து வந்து பனியில் போட்டோம். பிழைத்துக்கொண்டான். வெளிக்காற்று பட்டால் போதும். தெரியும், ஐயா. தெரியாது என்று சொல்லிப் பயனில்லை.

அதன்பின் நடந்தது தங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மாலையில் சாண்டர்ஸ் இறங்கி வந்தார். சேர்ந்து திறந்தோம். கேவின் தரையில் கிடந்தான். கன்னங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. கரி அப்படித்தான் செய்யும், செத்தவனை ஆரோக்கியமாகக் காட்டும். காலணி எதுவும் இல்லை. சட்டியில் எரிந்த தோலின் நாற்றம் இருந்தது. வெட்டில் தவறு நேர்ந்து தோல் பாழாகிவிட்டது, அவமானம் தாங்காமல் தோலை எரித்துவிட்டுக் கரியைக் கிளறிவிட்டு அதன் பக்கத்திலேயே படுத்துவிட்டான் என்று நான் சொன்னேன். சாண்டர்ஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அதை நம்பினார். பாதிரியாரும் நம்பினார். தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவன் என்பதால் தேவாலயத்தின் வடக்குப் பக்கம், காஞ்சொறிப் புதருக்குப் பக்கத்தில், மணி அடிக்காமல் புதைத்தார்கள்.

எங்கள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கறுப்பு வெல்வெட் போர்வை உண்டு. சங்கத்து ஆள் இறந்தால் பெட்டியின்மேல் அதைப் போர்த்தித்தான் தூக்கிப் போவோம். கிரிஸெல் அதைக் கேட்டுக் கடைக்கு வந்தாள்.

"தோலை எரிச்சான்னு சொன்னீங்களாமே. அவனா? சுண்டுவிரல் அளவுத் துண்டு மிஞ்சினாக்கூட எடுத்து வெச்சு எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஜோடு தெச்சுக் கொடுக்கறவன். அவன் நல்ல தோலை எரிச்சான்னு எங்கிட்டயே சொல்றீங்களாய்யா?"

"அவமானம் மனுஷனை என்ன வேணா செய்ய வைக்கும், கிரிஸெல்."

"அவனுக்கு எதுக்கு அவமானம்? இந்தக் கடையில கர்னல் பூட்ஸ் யாரு தெச்சதுன்னு எனக்குத் தெரியாதா? மேல்தோல் தெச்சுக் கொடுத்தவ நான். அவமானப்பட வேண்டிய ஆளு மண்ணுக்குள்ள இல்ல."

துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதம் செய்வது எனக்குப் பிடிக்காது. பிறகு அவள் குரல் தணிந்தது.

"போர்வையையாவது கொடுங்க. மண்ணு மேலயாவது ஒரு தடவை போத்திட்டு மடிச்சுக் கொண்டாந்து கொடுத்துடறேன். அழுக்காக்க மாட்டேன்."

"அது சங்கத்து ஆளுங்களுக்கு மட்டும்மா. என் கையில இல்ல."

பீரோ எனக்குப் பின்னால்தான் இருந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. அவள் இரண்டையும் பார்த்தாள். வேலைக்குக் கட்டும் முன்கச்சையை அவிழ்த்து என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன்பிறகு வேலைக்கு வரவில்லை.

கிறிஸ்பின் திருநாள் வந்தது. ஐயா, என் இடது காலைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பெருவிரல் எலும்பு வெளியே தள்ளி முட்டை மாதிரி புடைத்திருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு எட்டுகூட வலியில்லாமல் வைத்ததில்லை. காலணிக்காரன் கால்வலி என்று சொல்ல முடியுமா? சிரிப்பார்கள். ஊர்வலமோ நீண்டது. சங்க மண்டபத்திலிருந்து தேவாலயம், அங்கிருந்து சந்தை மேடை, மறுபடி மண்டபம். அன்று ராஜா நொண்டக் கூடாது.

வீட்டில் பெட்டிக்குள் கம்பளியில் சுற்றி ஒரு ஜோடி காலணி வைத்திருந்தேன். அதை எடுத்துப் போட்டுக்கொண்டேன். மண்டபத்துக்குத் திரும்பியதும், சடங்கு தொடங்குவதற்கு முன் பழைய காலணிக்கு மாறிவிடுவதாகத் திட்டம். பழையதை மண்டபத்துப் பின்கட்டில் தயாராக வைத்துவிட்டேன்.

ஏன் மாற வேண்டும் என்று கேட்பீர்கள். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஊர்வலம் முடிந்து ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும், அந்த வருடம் சங்கத்தில் சேர்ந்த புது ஆள் மண்டியிட்டு ராஜாவின் இடது காலணியைக் கழற்றி, அதில் பீர் ஊற்றி, எல்லோர் முன்னிலும் குடிக்க வேண்டும். அன்றுமுதல் அவன் எங்களில் ஒருவன்.

நடந்தேன். முரசு அடித்தது. தங்கத்தாள் ஒட்டிய கிரீடம் கனக்கவே இல்லை. ஜன்னல்களிலிருந்து பெண்கள் கையசைத்தார்கள். கர்னல் தொப்பியைக் கழற்றினார். நான் நேராக நடந்தேன், ஐயா. கல் பாவிய தெருவில், ஏற்றத்தில், இறக்கத்தில். வலி என்பதே இல்லை. காலில் எதுவும் இருப்பதாகவே தோன்றவில்லை. காலே இருப்பதாகத் தோன்றவில்லை. வலி இருந்திருந்தால் நினைவு வந்திருக்கும். கால் இருப்பதையே மறந்தவன் காலணியை மாற்றுவதை எங்கே நினைவில் வைப்பான்? நேராக மண்டபத்துக்குள் போய்ச் சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வருடம் புது ஆள் இல்லை. புது ஆள் இல்லையென்றால் தேர்வாளர் குடிப்பார். சாண்டர்ஸ் மெல்ல மண்டியிட்டார். கேவின் இறந்ததிலிருந்து மனிதர் சிரிக்கவே இல்லை. அன்று சபைக்காகக் கொஞ்சம் முயன்றார்.

"ராஜா காலு நாறாம இருக்கணும்னு வேண்டிக்கங்கப்பா."

"அப்படியே மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்திக்க, சாண்டர்ஸ்" என்று யாரோ கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. அவர் கை ஏற்கெனவே குதியைப் பிடித்துவிட்டது.

"என்னய்யா, சும்மா வழுக்கிக்கிட்டு வருது. உன் ஜோட்டைக் கழட்ட எப்பவும் ரெண்டு ஆள் இழுக்கணுமே."

பீர் ஊற்றுவதற்கு முன் உள்ளே துடைப்பதற்காகத் துணியைச் செருகினார். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம், காலணியைக் கையில் எடுத்தால் முதலில் உள்ளே பார்ப்போம். பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பி இன்னொரு தடவை பார்த்தார். பீர்க் குவளையைத் தரையில் வைத்தார்.

"இது என் முத்திரை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது. "இந்தத் தோலை நான்தான் அடிச்சுக் கொடுத்தேன். அன்னிக்கு. அவனுக்கு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நினியன். கேவின் முடிச்சிருக்கான்." அவர் அந்தக் காலணியின் தையலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "முடிச்சவன் தட்டியிருப்பானே. கதவுக்கு வெளிய நீதானே உக்காந்திருந்தே?"

எழுந்து நின்று என் கிரீடத்தை அவரே எடுத்தார். பிடுங்கவில்லை. கழற்றினார்.

ஆமாம். தட்டினான்.

பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. அவ்வளவு சீக்கிரம் யாரும் முடித்ததில்லை. மூன்று தட்டு, விதிப்படி, நிதானமாக. நான் கதவுக்குப் பக்கத்தில் போய்ப் பேசினேன்.

"கேட்டுச்சுப்பா. சாண்டர்ஸ் வரணும். கொஞ்சம் பொறு."

"சரிங்க தலைவரே." பிறகு, "தலை ஒரு மாதிரியா சுத்துதுங்க. ஜன்னல் பலகையைக் கொஞ்சம் நகத்திக்கவா?"

"நாங்க ரெண்டு பேரும் வந்து திறக்கற வரைக்கும் ஜன்னல்ல கை வைக்கக் கூடாது. உனக்கே தெரியும்."

"ஆமாங்க. மறந்துட்டேன். மன்னிச்சுக்கங்க."

சாண்டர்ஸ் மேலே மாடியில்தான் இருந்தார். அவர் பாடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு குரல் கொடுத்தால் இறங்கி வந்திருப்பார். ஆனால் சங்கத் தலைவன் மண்டபத்தில் கத்துவது முறையில்லை. மாடி ஏறிப் போகலாம் என்றால் கதவைக் காவலின்றி விட முடியாது. நான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பிறகும் தட்டினான். ஆனால் அது மூன்று தட்டு இல்லை. ஒன்று, கொஞ்சம் இடைவெளி, இன்னொன்று, பிறகு மரத்தில் நகம் உராய்கிற மாதிரி. அதை விதிப்படியான தட்டு என்று கொள்ள முடியாது. ஒரு தடவை கிரிஸெலின் பெயரைச் சொன்னான். என்னை அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்துதான் இருந்திருப்பேன்.

சத்தம் நின்றது. இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு தனியாகத் திறந்தேன். தனியாகத் திறந்தது விதிமீறல். ஒப்புக்கொள்கிறேன்.

திறந்தபோது அவன் இறந்திருந்தான் என்று தங்களிடம் நேற்றுச் சொன்னேன். அது சரியில்லை.

கதவை ஒட்டிக் கிடந்தான். தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. நடைவழியின் குளிர்காற்று முகத்தில் பட்டதும் கண்ணைத் திறந்தான். முற்றம் சில எட்டுகளில் இருந்தது. காலைப் பிடித்து இழுத்திருந்தால் போதும். காலணி இரண்டும் மேஜைமேல், என் பக்கம் மூக்கைத் திருப்பி, அருகருகே இருந்தன. இடது ஒன்று, வலது ஒன்று. இடதில் பெருவிரல் எலும்புக்கு இடம்விட்டு வெட்டியிருந்தான். என் கால் வலியை நான் அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தான்.

"போட்டுப் பாருங்க" என்றான்.

போட்டுப் பார்த்தேன். சுவர்வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். இன்னொரு தடவையும் நடந்தேன். அவன் தரையில் கன்னத்தை வைத்தபடி நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான், கடையில் பார்ப்பதுபோலவே.

"தேறிட்டேனா, தலைவரே?"

"இல்லை" என்றேன். "இடது குதியில தையல் சரியா இறங்கல."

அவன் மறுத்துப் பேசவில்லை. எங்கே தவறினோம் என்று யோசிக்கிறவன்போலப் புருவத்தைச் சுருக்கினான். சரி என்று தலையசைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். நான் வெட்டி மிஞ்சிய தோலைச் சட்டியில் போட்டேன். காலணியைக் கழற்றி அங்கிக்குள் வைத்துக்கொண்டேன். அவன் காலை மடக்கி உள்ளே தள்ளிவிட்டு, வெளியே வந்து கதவைப் பூட்டி, ஈரத் தோலைச் சந்தில் மறுபடி வைத்தேன். ஒத்திகை முடியும்வரை காத்திருந்தேன். ஆமாம், ஐயா, கொன்றேன். அந்தச் சொல்தான் வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளட்டும்.

ஆனால் குமாஸ்தா தம்பி இதைத் தெளிவாக எழுத வேண்டும். ஜன்னலை அடைப்பது விதி. பூட்டுவது விதி. தேர்வாளர் வரும்வரை திறக்காமல் இருப்பது விதி. கணப்பு அவனாகக் கேட்டது. இவற்றை நினைத்து எனக்கு ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. இடது குதியில் குறையே இல்லை, ஐயா. அவ்வளவு சுத்தமான தையலை நான் பார்த்ததில்லை. சங்கத் தலைவன் ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பொய்த் தீர்ப்பு சொல்லக் கூடாது. என் வாழ்நாளில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.